கங்கம்மா ஜாத்திரையில் ஆண்களுக்குச் சேலை எதற்கு?

கேள்வி: மே மாதம் திருப்பதி போயிருந்தபோது, தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரையில் மீசை வைத்த ஆண்கள் சேலை கட்டி, பூ வைத்துப் போவதைப் பார்த்தேன். சிலர் கெட்ட வார்த்தைகளைக் கத்துகிறார்கள். அம்மன் திருவிழாவில் இந்தக் கூத்தைத் தடை செய்ய வேண்டாமா? (வேலூர் வாசகர்)

பதில்: வேண்டாம். பெண்களைச் சீரழித்த ஒரு பாளையக்காரனைத் தேடிப் போன அம்மனின் கதையைத்தான் ஊரே நடித்துக் காட்டுகிறது. திருப்பதி அருகே அவிலாலா கிராமத்தில் வளர்ந்த கங்கம்மா மேல் அவன் கை வைக்க, அவள் தன் உக்கிர ரூபத்தைக் காட்டினாள். அவன் ஓடி ஒளிந்தான். அவனைப் பிடிக்க அம்மன் போட்டதுதான் இத்தனை வேஷம்.

செவ்வாய் இரவு சாட்டிம்பு, அதாவது தண்டோரா. அதன்பின் திருவிழா முடியும்வரை உள்ளூர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. புதன் பைராகி (துறவி) வேஷம்: உடம்பெல்லாம் வெள்ளை நாமக்கட்டி. வியாழன் பண்ட வேஷம்: குங்குமச் சிவப்பு. வெள்ளி தோட்டி வேஷம்: கரி. சனிக்கிழமை தொர வேஷம்: சந்தனப் பூச்சு, வேப்பிலை. தனக்கு மேலான துரையே வந்துவிட்டார் என்று நம்பி ஒளிந்தவன் வெளியே வருகிறான், தலை போகிறது. ஞாயிறு மாதங்கி என்ற அம்மன் வேஷம், திங்கள் சுண்ணாம்புக் குண்டலு (சுண்ணாம்புப் பானைகள்), மறு செவ்வாய் ஜாத்திரை. அம்மனாக வேஷம் கட்டுவது கைகால குடும்பத்தாரின் பரம்பரை உரிமை.

நீங்கள் பார்த்தவர்கள் நேர்த்திக்கடன்காரர்கள். அம்மை, காய்ச்சல் நீங்கியதற்கோ, பிள்ளை பிழைத்ததற்கோ வேண்டிக்கொண்டவர்கள். பெரும்பாலும் வீட்டுப் பெண்களே சேலை கட்டி, சவுரி வைத்துப் பின்னி, வளையல் போட்டு அனுப்புகிறார்கள். தாயும் மனைவியும் அலங்கரித்து அனுப்புவதை நீங்களும் நானும் கூத்து என்று சொல்வது அநியாயம்.

வசவும் அப்படித்தான். பதுங்கியிருக்கும் பாளையக்காரனைச் சீண்டி வெளியே இழுக்கத்தான் அந்த வார்த்தைகள். ஆனால் அதையே சாக்காக வைத்து, வேடிக்கை பார்க்க வந்த பெண்களிடம் வாயைத் திறப்பவர்கள் உண்டு. அவர்களைத் தடுக்க வேண்டும் என்றால் உங்களோடு நானும் நிற்பேன். பாளையக்காரன் செய்ததைத்தான் அவர்களும் செய்கிறார்கள். சேலை கட்டிய பக்தரை விட்டுவிடுங்கள்.

கோடை உச்சத்தில் வரும் விழா இது. உக்கிரத்தைக் குளிர்விக்கத்தான் கேழ்வரகு அம்பலி (கூழ்), மோர், மஞ்சள் நீர், வேப்பிலை எல்லாம். திருமலை வேங்கடவனின் தங்கை என்று மலையிலிருந்து பட்டும் மஞ்சள் குங்குமமும் வரும் கோயில் இது; வேங்கடவன் மேல் கீர்த்தனைகள் பாடிய அன்னமாச்சாரியார் இவளை வணங்கிய பிறகே மலை ஏறினார் என்கிறது கோயில் மரபு.

அடுத்த முறை போனால் கடைசிப் புதன் விடியற்காலை வரை இருங்கள். கோயில் முன் களிமண்ணில் அமைத்த அம்மனின் பெரிய முகம், விஸ்வரூபம், அப்போது உடைக்கப்படும். பிரசாதமான அந்த மண்ணுக்குத்தான் நெரிசல். அதில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்காதீர்கள். முன்னால் இருந்து எடுத்து வருபவரிடம் ஒரு சிட்டிகை கேளுங்கள், கொடுப்பார்கள்.