‘சுகர் 240, என்ன செய்ய?’ என்று கேட்கும்போது எந்த டைப் என்றும் சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு வயது 38, எடை 46 கிலோ. மூன்று வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. முதலில் மாத்திரை மட்டும்தான். எட்டு மாதமாக ராத்திரி இன்சுலினும் போடுகிறேன். சர்க்கரை நோயாளிகளின் வாட்ஸ்அப் குழு ஒன்றில், “காலையில் வெறும் வயிற்றில் 240 காட்டுகிறது, என்ன செய்ய?” என்று கேட்டேன். இன்சுலினை நாலு யூனிட் கூட்டச் சொன்னார் ஒருவர். ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிடச் சொன்னார் இன்னொருவர். இன்சுலினை நிறுத்திவிட்டு வெந்தயத் தண்ணீர் குடித்தால் போதும் என்றார் ஒரு அக்கா. நடுவில் ஒருவர், “நீங்க டைப் 1-ஆ, டைப் 2-ஆ?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்வது அவ்வளவு முக்கியமா?

பதில்: முக்கியம்தான். அந்தக் குழுவில் உங்களுக்கு உருப்படியாக உதவியவர் கேள்வி கேட்ட அந்த ஒருவர்தான். மற்ற மூவரும் தங்கள் உடம்புக்கு ஒத்துவந்ததை உங்களுக்கும் சொல்லிவிட்டார்கள்.

டைப் 1-ல், கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழிக்கிறது. இன்சுலின் சுரப்பு ஏறக்குறைய நின்றே போகும். டைப் 2-ல் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் உடல் அதற்குச் சரியாக இணங்குவதில்லை. வருடம் போகப்போகச் சுரப்பும் குறையும். வெந்தயத் தண்ணீரை நம்பி டைப் 2 உள்ளவர் ஒருவர் இன்சுலினை நிறுத்தினால், பெரும்பாலும் அளவு மெல்ல ஏறும். டைப் 1 உள்ளவர் நிறுத்தினால் ஒரு நாளுக்குள்ளேயே ரத்தத்தில் கீட்டோன் (இன்சுலின் இல்லாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலம்) சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த அக்கா பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. டைப் 1 வந்து இன்சுலின் தொடங்கிய புதிதில், எஞ்சியிருக்கும் பீட்டா செல்கள் கொஞ்ச காலம் தெம்பாக வேலை செய்யும். இன்சுலின் தேவை வெகுவாகக் குறையும். மருத்துவர்கள் இதை ‘ஹனிமூன்’ காலம் என்பார்கள். அந்த மாதங்களில் என்ன கஷாயம் குடித்தாலும் பெயர் கஷாயத்துக்குத்தான் போகும்.

‘இன்சுலின் போடுகிறேன், அப்படியானால் டைப் 1’ என்று நீங்களாக முடிவு கட்டிவிடாதீர்கள். டைப் 2 உள்ள பலருக்கும் நாளடைவில் இன்சுலின் தேவைப்படுகிறது. ஒரு காலத்தில் ‘இன்சுலினைச் சார்ந்தது, சாராதது’ என்றுதான் மருத்துவர்களே பிரித்தார்கள். சிகிச்சையை வைத்து நோய்க்குப் பெயர் வைப்பது குழப்பம் தருகிறது என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 1997-ல் அதைக் கைவிடச் சொன்னது. வயதும் உறுதியான அடையாளம் இல்லை. நாற்பதுக்கு மேல் டைப் 1 வருவதுண்டு, இருபதுக்குள் டைப் 2 வருவதும் உண்டு.

இனி உங்கள் விஷயம். ஒல்லியான உடம்பு, 35 வயதில் தொடக்கம், இரண்டரை வருடத்துக்குள் மாத்திரை போதாமல் போனது: இந்த மூன்றும் சேர்ந்தால் மெதுவாக வளரும் டைப் 1 வகையை, அதாவது ‘லாடா’வை, நினைத்துப் பார்த்தே ஆக வேண்டும். தொடக்கத்தில் மாத்திரைக்குக் கட்டுப்படுவதால் இதை டைப் 2 என்று எழுதிவிடுவது சகஜம். உங்கள் மருத்துவரிடம் இரண்டு ரத்தப் பரிசோதனைகளைப் பற்றிக் கேளுங்கள். ஒன்று ஜிஏடி ஆன்டிபாடி. எதிர்ப்பாற்றலின் தாக்குதல் நடக்கிறதா என்று காட்டும். இன்னொன்று சி-பெப்டைடு, உங்கள் கணையம் சொந்தமாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும். சி-பெப்டைடு எடுக்கும் அதே நேரத்தில் சர்க்கரை அளவும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருள் சொல்வது கடினம். சர்க்கரை தாறுமாறாக எகிறியிருக்கும் சமயத்தில் எடுத்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும்.

அடிக்கடி மேல்வயிற்று வலி, எண்ணெய்ப் பிசுக்கோடு மலம் என்று இருந்தால் அதையும் சொல்லுங்கள். கணையத்தில் கல் உண்டாகி வரும் சர்க்கரை நோய் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நெடுங்காலமாக அறியப்பட்டது. அது டைப் 1-ம் இல்லை, டைப் 2-ம் இல்லை. தலைமுறை தவறாமல் இளவயதிலேயே சர்க்கரை வரும் குடும்பமானால் ‘மோடி’ எனும் மரபணு வகையாக இருக்கலாம்.

மாத்திரை அட்டையை எடுத்து டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இன்சுலின் சுரப்பு மிகக் குறைந்தவர்களுக்கு இவ்வகை மாத்திரைகளால், சர்க்கரை பெரிதாக ஏறாமலே கீட்டோன் ஏறிவிடலாம். இருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்தச் சந்தேகத்தைச் சொல்லி மருத்துவரிடம் சீக்கிரம் பேசுங்கள்.

காலை 240-க்கு வருவோம். நாலு யூனிட் கூட்டும் முன் நள்ளிரவில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். இரண்டு மூன்று இரவுகள் 3 மணிக்கு விழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். அப்போது 70-க்குக் கீழே இருந்தால் ராத்திரி இன்சுலின் ஏற்கெனவே அதிகம். கூட்டினால் தூக்கத்திலேயே மயங்கிவிடலாம். (70-க்குக் கீழே கண்டால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.) 3 மணிக்கு 130 இருந்து 6 மணிக்கு 240 ஆனால் அது சர்க்கரையை ஏற்றும் விடியற்கால ஹார்மோன்களின் வேலையாக இருக்கலாம். படுக்கும்போதே 250 இருந்தால் ராத்திரிச் சாப்பாட்டையும் அதற்கான மருந்தையும் கவனிக்க வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டை விடச் சொன்னவர் மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவராக இருந்தால் அவருக்கு அதில் பெரிய ஆபத்து இல்லை. கிளிமிபிரைடு மாத்திரையோ 30/70 கலவை இன்சுலினோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை அபாயமாக இறங்கும்.

அடுத்த முறை இப்படிக் கேளுங்கள்: “வயது 38, எடை 46 கிலோ. எந்த டைப் என்று உறுதியாகவில்லை, ஜிஏடி பார்க்கவில்லை. இன்ன மாத்திரை, இன்ன இன்சுலின், ராத்திரி இத்தனை யூனிட். படுக்கும்போது 160, 3 மணிக்கு 140, காலை 240, மில்லிகிராம் கணக்கில்.” ‘உறுதியாகவில்லை’ என்பதும் ஒழுங்கான பதில்தான், தெரியாமல் டைப் 2 என்று எழுதுவதைவிட எவ்வளவோ மேல்.

மில்லிகிராம் என்று எழுதச் சொல்லக் காரணம் உண்டு. லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கும் தமிழர்கள் மில்லிமோல் கணக்கில் பேசுவார்கள். அவர்களின் 7 நம்மூரில் 126. 18-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். இன்சுலினிலும் இதே சிக்கல். இந்தியாவில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியுள்ள 40 யூனிட் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். ‘நான் இருபது போடுகிறேன்’ என்று ஒருவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

நீங்கள் இன்னொருவருக்குப் பதில் சொல்லும்போதும் முதலில் உங்கள் டைப்பையும் மருந்தையும் சொல்லிவிடுங்கள். ஊசி குத்தும் இடத்தை மாற்றுவது, பயணத்தில் இன்சுலினைக் குளிர்ச்சியாக வைப்பது, திருமண வீட்டில் சமாளிப்பது போன்றவற்றில் அனுபவசாலிகளின் சொல் தங்கம். யூனிட் எண்ணிக்கை மட்டும் மருத்துவரிடமிருந்து வரட்டும். ரிப்போர்ட்டைப் படமெடுத்துப் போடுவதானால் பெயர், ஃபோன் நம்பர், நோயாளி எண் இருக்கும் மேல்பகுதியை வெட்டிவிடுங்கள்.

250-க்கு மேல் சர்க்கரை, கூடவே வாந்தி, வயிற்று வலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, வாயில் பழ வாடை: இவை வந்தால் குழுவில் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவரானால் சர்க்கரை 250-ஐத் தொடும்வரை காத்திருக்காதீர்கள். மற்ற அறிகுறிகளே போதும். அங்கே போனதும் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள்.