வரிசையில் நிற்பவரின் போன்

அன்புள்ள சார்,

ஆறு மாதமாகச் சனிக்கிழமைகளில், இல்லாதவர்களுக்கு உணவுப் பொருள்களை இலவசமாகக் கொடுக்கும் ஓர் உணவு வங்கியில் தன்னார்வலராக இருக்கிறேன். பொருள்களைப் பையில் போட்டுக் கொடுக்கும் வேலை. ஆரம்பத்தில் இருந்த நிறைவு இப்போது இல்லை. வருகிறவர்களில் சிலர் என்னுடையதைவிட நல்ல போன் வைத்திருக்கிறார்கள், காரில் வந்து இறங்குகிறார்கள். கொடுத்ததைத் திருப்பித் தந்து "இது வேண்டாம், வேறு இருக்கா?" என்கிறார்கள். ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போகிறவர்களும் உண்டு. உண்மையான ஏழைகளுக்குத்தான் கொடுக்கிறோமா என்று சந்தேகமாக இருக்கிறது. இப்படி நினைப்பது தவறா? தொடர்வதா, நின்றுவிடுவதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள தோழி,

அந்த நினைப்பு வந்ததில் தவறில்லை. எனக்கும் வந்தது. இதே வேலையை நான்கு ஆண்டுகள் செய்தேன், முதல் ஆண்டு முழுக்க வருகிறவர்களின் செருப்பையும் சட்டையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஒருவர், நன்றாகத் தேய்த்த சட்டை, பையைத் திறந்து பார்த்துவிட்டுப் பயறு பாக்கெட்டையும் மாவையும் எடுத்து மேசைமேல் வைத்தார். எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று கேட்டேன், குரலில் கோபம் தெரிந்திருக்கும். "தங்கியிருக்கிற ரூம்ல அடுப்பு இல்லைங்க, கெட்டில் மட்டும்தான்" என்றார், பின்னால் நிற்பவருக்குக் கேட்காத குரலில். தனக்கு உதவாதது இன்னொருவருக்காவது போகட்டும் என்றுதான் அவர் எடுத்து வைத்திருக்கிறார். டின் டின்னாகக் கொடுக்கிறோமே, திறக்க வீட்டில் ஏதாவது இருக்கிறதா என்று நாம் என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

போன் விஷயத்துக்கு வருகிறேன். வேலை போன மறுநாளே யாரும் போனையும் காரையும் விற்றுவிட்டு வரிசையில் வந்து நிற்பதில்லை. அடுத்த வேலைக்குக் கூப்பிடுவது அந்த போனில்தான், போய்ச் சேருவது அந்தக் காரில்தான். வாடகைக்குத் தேதி உண்டு, மின்கட்டணத்துக்கு உண்டு, கடன் தவணைக்கு உண்டு. தேதி இல்லாத ஒரே செலவு சாப்பாடு. ஒரு வேளையைக் குறைத்தால் எந்த அபராதமும் வராது, யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள், அதனால் முதலில் கை வைப்பது வயிற்றில்தான். அது வெளியே தெரிவதும் இல்லை.

நீங்கள் படித்திருக்கலாம். 2013இல் செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிக் கரும்பு விவசாயிகளிடம் அறுவடைக்கு முன்னால், கையில் காசு இல்லாதபோது, ஒரு முறையும், அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு இன்னொரு முறையும் யோசிக்கும் திறனைச் சோதித்தார்கள். அதே ஆட்கள்தான், ஆனால் பணமில்லாதபோது மதிப்பெண் குறைந்திருந்தது. எந்தக் கடனை முதலில் அடைப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று ஓடிக்கொண்டே இருக்கும் மனதில் வேறெதற்கும் இடம் மிஞ்சுவதில்லை. நன்றி சொல்லாமல் போன அந்த முகங்களை இப்போது நினைத்துப் பாருங்கள். வாராவாரம் நன்றி சொல்லிச் சாப்பாடு வாங்குவது சின்ன பாரம் இல்லை. நிறையப் பேருக்கு அங்கிருந்து சீக்கிரம் வெளியே போனால் போதும் என்றிருக்கும்.

தேவையில்லாமல் வாங்குகிறவர்களும் ஓரிருவர் இருக்கத்தான் செய்வார்கள். சரி, வாங்கட்டும். அவர்களைப் பிடிக்கச் சான்றிதழ் கேட்க ஆரம்பித்தால் முதலில் வராமல் போவது கூச்சப்படுகிறவர்கள்தான், அந்த விலை எனக்குக் கட்டுப்படியாகாது.

அப்புறம் ஒன்று. இந்த உணவு வங்கி என்ற யோசனையே வரிசையின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. 1967இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் ஜான் வான் ஹெங்கல் முதல் உணவு வங்கியைத் தொடங்கினார். கடைகள் தூக்கி எறியும் நல்ல உணவை எடுத்துப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்த ஒரு தாய், அதையெல்லாம் வங்கி மாதிரி ஓரிடத்தில் சேர்த்து வைத்து வேண்டியபோது எடுத்துக்கொள்ள முடிந்தால் எப்படி இருக்கும் என்று அவரிடம் சொன்னாராம். தன் வீட்டுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று அந்தத் தாய்க்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

நின்றுவிடாதீர்கள். ஆனால் பையை நீங்களே நிரப்பிக் கொடுக்கும் முறையை மாற்ற முடியுமா என்று பொறுப்பில் இருப்பவரிடம் கேளுங்கள். அலமாரியில் அடுக்கி வைத்து, வருகிறவர்களே எடுத்துக்கொள்ளும்படி பல இடங்களில் மாற்றிவிட்டார்கள். அது முடியாதென்றால் வாசல் பக்கம் ஒரு மேசை போடுங்கள். வேண்டாததை யாரிடமும் காரணம் சொல்லாமல் அதில் வைத்துவிட்டுப் போகலாம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். டின் திறக்கும் கருவி நாலைந்து வாங்கி அதன்மேல் வையுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த மேசையில் என்னென்ன சேர்ந்தது, எது உடனே காலியானது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்