சீலிங்கில் ஓதம், சுவரில் விரிசல்: விற்றவரிடம் எப்படிக் கேட்பது?

பெருங்களத்தூரில் 46 லட்ச ரூபாய்க்குப் புது பிளாட் வாங்கி, சாவி கைக்கு வந்து 2 வருடம் 4 மாதம் ஆகிறது. போன மழைக்காலத்திலிருந்து படுக்கையறை சீலிங்கிலும், பாத்ரூமை ஒட்டிய சுவரிலும் ஓதம். பெயின்ட் உரிகிறது. “அக்ரிமென்ட்படி ஒரு வருடம்தான் என் பொறுப்பு, அதோடு தண்ணீர் மேல்வீட்டு பாத்ரூமிலிருந்து வருகிறது” என்கிறார் பில்டர். இனி ஒன்றும் செய்ய முடியாதா?
– வாசகி, தாம்பரம்

முடியும். ஒரு வருடம் என்பது அவர் எழுதி வைத்த கணக்கு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-ன் பிரிவு 14(3) சொல்வது வேறு. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள், கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை இருப்பதை நீங்கள் தெரிவித்துவிட்டால், 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்து தரவேண்டியது பில்டரின் கடமை. தவறினால் இழப்பீடு கேட்கலாம். அக்ரிமென்ட்டில் இதைவிடக் குறைவாக எழுதியிருந்தாலும் சட்டமே மேலோங்கும்.

மேல்வீட்டுக்காரர் மீது பழி போடுவது அடிக்கடி நடப்பது. அதற்கு வாயால் பதில் சொல்ல வேண்டாம், சோதித்துக் காட்டுங்கள். ஓதத்தின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதி எழுதிப் படம் எடுங்கள். வாரம் ஒருமுறை இதையே செய்தால் எப்போது பரவுகிறது என்பது தெரிந்துவிடும். மழை பெய்தால் மட்டும் பரவினால் வெளிச்சுவர் அல்லது ஜன்னல் மேல் சன்ஷேட். ராப்பகலாக ஈரம் காயாமல் இருந்தால் தண்ணீர் வரும் பைப். மேலே குளித்த பிறகு மட்டும் ஈரமானால் கழிவுநீர் பைப், அல்லது தரையின் வாட்டர்புரூஃபிங்.

கடைசியாகச் சொன்னதை உறுதிசெய்ய, மேல்வீட்டாரிடம் அனுமதி கேட்டு, பாத்ரூம் தரையில் தண்ணீர் வடியும் துளையான நானி டிராப்பைத் துணியால் அடைத்து 2 அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். உங்கள் சீலிங்கில் ஈரம் பூத்தால், பாத்ரூமுக்காகத் தாழ்த்திப் போட்ட கான்கிரீட் தளத்துக்கு மேல் வாட்டர்புரூஃபிங் சரியில்லை என்று பொருள். அது பில்டர் செய்த வேலை. மேல்வீட்டார் குடிவந்த பிறகு டைல்ஸை உடைத்துப் புது பைப் போட்டிருந்தால் கதை மாறும். அதை முன்னாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது கடிதம். வாட்ஸ்அப்பில் புலம்பியது மட்டும் போதாது. குறைகளை அறை வாரியாக, முதலில் கண்ட தேதியோடு எழுதி, படங்களை இணைத்து, “பிரிவு 14(3)-ன்படி 30 நாளில் சரிசெய்து தரவும்” என்று ஸ்பீட் போஸ்ட்டிலும் ஈமெயிலிலும் அனுப்பி, டெலிவரி ஆன விவரத்தைச் சேமித்து வையுங்கள். 5 ஆண்டுக் கணக்கில், குறையைத் தெரிவித்த நாளுக்குச் சான்றாக நிற்பது இந்தக் கடிதம்தான்.

பலர் தவறுவது இந்த இடத்தில்தான். பில்டரின் ஆள் வந்து பட்டி பார்த்து பெயின்ட் அடித்துவிட்டுப் போவார். கறை மறைந்துவிடும், சான்றும் போய்விடும், அடுத்த மழைக்குத் திரும்ப வரும். பெயின்ட்டைத் தொட விடும் முன், வெளி சிவில் இன்ஜினீயர் ஒருவரை அழைத்து, காரணம், செய்ய வேண்டிய வேலை, உத்தேசச் செலவு மூன்றும் கொண்ட அறிக்கையைக் கையெழுத்தோடு வாங்குங்கள். காத்திருக்க முடியாத அவசரம் என்றால், பில்டருக்கு எழுதித் தெரிவித்து, இரண்டு இடத்தில் கொட்டேஷன் வாங்கி, ஜிஎஸ்டி பில்லோடு வேலையை முடியுங்கள்.

30 நாள் கடந்தும் அசையவில்லை என்றால் இரண்டு வழி. ஒன்று, தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். வேலையைச் செய்து தர உத்தரவு வேண்டுமானால் ‘எம்’ படிவம். இழப்பீடு வேண்டுமானால் அந்த ஆணையத்தின் தீர்ப்பு அலுவலரிடம் ‘என்’ படிவம். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரே மனுவில் எல்லாம் கேட்டால் காலம்தான் போகும். இன்னொன்று நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்பதால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனு போடலாம், கட்டணம் 1,000 ரூபாய். இங்கே காலக்கெடு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. போன மழையில் குறை தெரிந்தது என்பதால் தள்ளிப்போடாதீர்கள். இரண்டில் எதைத் தேர்வது என்பது வாங்கியவர் விருப்பம் என்று 2020-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

திட்டம் 500 சதுர மீட்டருக்கு மிகாத மனையிலோ, 8 வீடுகளுக்கு மிகாமலோ கட்டியது என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. அப்படிப்பட்ட பிளாட்டுக்கு நுகர்வோர் ஆணையம்தான் நல்ல வழி.

25 வருடப் பழைய தனி வீட்டை அதன் உரிமையாளரிடமிருந்தே வாங்கினோம். குடிபோன மூன்றாம் மாதம் சுவரில் சாய்வாகப் பெரிய விரிசல். வாங்கும்போது புதுப் பூச்சும் பெயின்ட்டுமாக இருந்தது. ஏமாற்றப்பட்டோமா?
– வாசகர், ஈரோடு

இருக்கலாம். ஆனால் இங்கே வழி கடினம். தனி ஒருவர் தன் பழைய வீட்டை விற்பது ‘சேவை’ ஆகாது என்பதால் நுகர்வோர் ஆணையம் பொதுவாக எடுக்காது. நீங்கள் நிற்க வேண்டியது சொத்து மாற்றுச் சட்டம் 1882-ன் பிரிவு 55-ல். விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரண கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை அவர் சொல்லியே ஆகவேண்டும். மறைப்பது மோசடிக்குச் சமம்.

ஆக, அவருக்கு ‘தெரியும்’ என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. முன்பு ஒட்டுவேலை பார்த்த கொத்தனார், பக்கத்து வீட்டார், பூச்சை உடைத்தால் உள்ளே தெரியும் பழைய சிமென்ட் அடைப்பு, இவையெல்லாம் சான்று. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் ஒட்டித் தேதி எழுதுங்கள். உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது, அஸ்திவாரம் இறங்குகிறதா என்று இன்ஜினீயர் பார்த்தாக வேண்டும். கண்ணாடி மாதக்கணக்கில் அப்படியே இருந்தால் அது பழைய விரிசலாக இருக்கலாம், பழுதுபார்ப்புச் செலவும் குறையும்.

உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும் முன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்துப் பாருங்கள். இருவரும் ஒப்புக்கொண்டால், அது நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் கிடைக்கும் தீர்வு சிவில் தீர்ப்புக்கு இணையானது, அதன்மேல் அப்பீல் கிடையாது. அங்கே “நானே ஆள் விட்டு சரிசெய்கிறேன்” என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்ஜினீயர் சொன்ன தொகையைக் கேளுங்கள்.

வேலையைச் செய்து தருகிறேன், ஆனால் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிக் கொடு என்கிறார் பில்டர். கொடுக்கலாமா?
– வாசகர், ஆவடி

முன்கூட்டியே கொடுக்காதீர்கள். என்னென்ன வேலை, எந்தப் பொருள், எந்தத் தேதிக்குள் என்று பட்டியலிட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். வேலை முடிந்ததும், பட்டியலில் உள்ள வேலைகள் முடிந்தன என்று மட்டும் எழுதுங்கள். சென்னைப் பக்கத்தில் கசிவு வேலையின் உண்மை தெரிவது வடகிழக்குப் பருவமழையில்தான். எனவே “டிசம்பர் இறுதியில் கூட்டாகப் பார்வையிட்ட பிறகே இந்தக் குறை தீர்ந்ததாகக் கொள்ளப்படும்” என்ற வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.