சூப்பில் பரங்கிக்காய் கரைந்துபோகிறதே!

கேள்வி: ஸ்லோ குக்கரில் (குறைந்த சூட்டில் மணிக்கணக்காக மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரம்) சிக்கனும் பரங்கிக்காயும் போட்டு சூப் வைத்தால் காய் கரைந்துவிடுகிறது, கறியோ வறண்டுபோகிறது. என்ன செய்யலாம்?

பதில்: நெஞ்சுக்கறியை விடுங்கள், எலும்போடு தொடைக்கறி போடுங்கள். குறைந்த சூட்டில் 6 மணி நேரம் கிடந்தாலும் அது வறளாது, எலும்புச் சாறும் இறங்கி சூப்புக்கு நல்ல அடர்த்தி வரும். ஃப்ரீசரில் உறைந்த கறியை அப்படியே போடவே கூடாது. சூடேற நேரமாகி கிருமி பெருகிவிடும்.

அப்புறம் பரங்கிக்காய். பாதியைச் சின்னதாக நறுக்கி முதலிலேயே போட்டுவிடுங்கள், அது கரையத்தான் வேண்டும், மாவு எதுவும் கரைத்து ஊற்றாமலே சூப் கெட்டியாகும். மீதியைத் தோலோடு பெரிய துண்டுகளாகக் கடைசி 2 மணி நேரத்தில் சேர்த்தால், கரண்டியில் எடுக்கும்போது முழுசாக வரும். நடுநடுவே மூடியைத் திறந்து பார்க்காதீர்கள், சூடெல்லாம் போய்விடும்.