தலைவர்களின் காவற்படைகளும் மரியாதை அணிவகுப்பும்: கேட்டவைக்குப் பதில்கள்

பெப்ரவரி 4 அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கேட்டவையும் அவர்களுடைய பெற்றோர் கேட்டவையுமாக ஒரு கட்டுக் கேள்விகள் என் கைக்கு வந்திருக்கின்றன. மட்டக்களப்பில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். பாடசாலை மாணவர் படையணிக்கும் பல ஆண்டுகள் பொறுப்பாக இருந்தேன். அந்த இரண்டு அனுபவங்களையும் வைத்துக்கொண்டு என்னால் இயன்றவரை பதில் தருகிறேன்.

களுவாஞ்சிக்குடி மாணவர்: சேர், பக்கிங்ஹாம் மாளிகை வாசலில் கரடித்தோல் தொப்பியோடு நிற்பவர்கள் உண்மையான படைவீரர்களா, அல்லது காட்சிக்கு நிறுத்தப்பட்டவர்களா?

உண்மையான படைவீரர்கள்தான், தம்பி. அந்தக் காவலுக்கு வழமையாக வருபவர்கள் கிரெனடியர், கோல்ட்ஸ்ட்ரீம், ஸ்கொட்ஸ், ஐரிஷ், வெல்ஷ் என்னும் ஐந்து காலாட்படைப் பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். அரண்மனைக் காவல் முறை முடிந்ததும் அவர்களே போர்க்களத்துக்கும் அனுப்பப்படுவார்கள். எவர் எந்தப் பிரிவு என்பதைச் சிவப்புச் சட்டையின் பொத்தான்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். கிரெனடியருக்குப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகவும், கோல்ட்ஸ்ட்ரீமுக்கு இரண்டிரண்டாகவும், ஸ்கொட்ஸுக்கு மும்மூன்றாகவும், ஐரிஷுக்கு நந்நான்காகவும், வெல்ஷுக்கு ஐவைந்தாகவும் தைக்கப்பட்டிருக்கும். மகன் வீட்டுக்கு இலண்டன் போயிருந்தபோது வேலிக் கம்பிக்கு இப்பால் நின்று ஒரு வீரனின் பொத்தான்களை எண்ணினேன். நான்கு, பிறகு ஓர் இடைவெளி, மறுபடி நான்கு. ஐரிஷ் படை என்று பேரனிடம் சொன்னபோது, அவனுக்கு அது மந்திரம்போல் இருந்தது.

இந்தியக் குடியரசுத் தலைவரின் மெய்க்காவற்படையும் அப்படிப்பட்டதே. 1773ஆம் ஆண்டு காசியில் வாரன் ஹேஸ்டிங்ஸ் தெரிந்தெடுத்த ஐம்பது குதிரைவீரர்களோடு தொடங்கிய அந்தப் படை, விழாவில் குதிரையேறி ஈட்டி பிடித்து வந்தாலும், வான்குடையில் குதிக்கவும் கவச வாகனம் செலுத்தவும் பயின்றது. 1962இல் சீனாவுடனான போரின்போது அது லடாக்கின் சுசூல் முனையில் நின்றது. அதன் வீரர்கள் இந்திய அமைதிப்படையோடு நம் நாட்டுக்கும் வந்திருந்தார்கள்.

ஆரையம்பதியிலிருந்து ஒரு தாய்: இல்ல விளையாட்டுப் போட்டியில் அணிவகுத்து நின்ற என் மகன் மயங்கி விழுந்துவிட்டான். இந்தக் காவலர்கள் மட்டும் எப்படி மணிக்கணக்கில் அசையாமல் நிற்கிறார்கள்?

அவர்களிலும் மயங்கி விழுபவர்கள் இருக்கிறார்கள், தங்கச்சி; உங்கள் மகனிடத்தில் எந்தக் குறையும் இல்லை. கால்களுக்கு இறங்கும் இரத்தத்தை மேலே தள்ளிவிடுவது கெண்டைக்கால் தசைகளின் வேலை. முழங்காலை இறுக்கிப் பூட்டிக்கொண்டு அசையாது நின்றால் அந்தத் தசைகள் வேலை செய்யாமல் இரத்தம் கீழேயே தேங்கி, மூளைக்குப் போவது குறைந்து, கண் இருண்டுவிடும். வெயில் சேர்ந்தால் இன்னும் விரைவாக நடக்கும். ஆகவே நான் மாணவர் படையணிப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது சப்பாத்துக்குள்ளே கால்விரல்களை மடக்கி மடக்கி விரிப்பதைத்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. சப்பாத்தின் முன்தோல் இலேசாகச் சுருங்கி விரிவதை மட்டும் கிட்டப் போனால் காணலாம். முழங்காலையும் மயிரிழை அளவு தளர்த்தியே வைத்திருக்க வேண்டும். காலையில் வெறும் தேநீரோடு பிள்ளையை அனுப்பாதீர்கள். தண்ணீரும் ஏதாவது சாப்பாடும் வயிற்றில் இருக்கட்டும்.

மாளிகைக் காவலர்களுக்கு இடையிடையே சில அடி நடந்து திரும்ப அனுமதி உண்டு. ஏதென்ஸ் நகரில், பெயர் தெரியாத வீரரின் கல்லறைக்கு முன்னால் நிற்கும் எவ்சோன் காவலர்கள், நானூறு மடிப்பு வைத்த வெள்ளைப் பாவாடையும் ஆணி அறைந்த கனத்த பாதணியும் அணிந்து, தங்கள் முறை முடியும் வரை சிலைபோல் நிற்பார்கள். அவர்களுடைய முகத்து வியர்வையைத் துடைத்துவிடுவதற்கென்றே இன்னொரு படைவீரர் பக்கத்தில் நிற்பார். அந்தத் துடைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் இளகும்.

வாழைச்சேனை வாசகர்: பாப்பரசருக்குச் சுவிஸ் நாட்டவர் காவல் நிற்பது ஏன்? சொந்த ஊரில் நம்பத் தகுந்த ஆள் இல்லையா, ஐயா?

இந்தக் கேள்விக்குள்தான் காவற்படைகளின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. தலைவனுக்கு மிக அருகில் ஆயுதத்தோடு நிற்க ஒருவனுக்கு இடம்கொடுத்தால், அவன் நினைத்த மாத்திரத்தில் தலைவனைக் காக்கவும் முடியும், கொல்லவும் முடியும். உரோமில் அகஸ்டஸ் அமைத்த பிரிட்டோரியன் காவற்படையைச் சேர்ந்தவர்கள்தான் கி.பி. 41இல் சக்கரவர்த்தி கலிகுலாவைக் கொன்றார்கள். 193இல் இன்னொரு சக்கரவர்த்தியான பேர்ட்டினாக்ஸைக் கொன்றுவிட்டு, அரச பதவியையே ஏலத்தில் விட்டு, கூடிய விலை கேட்ட டிடியஸ் யூலியானஸைச் சக்கரவர்த்தி ஆக்கினார்கள். 312இல் கொன்ஸ்டன்ரைன் அந்தப் படையைக் கலைத்தார்.

ஊருக்குள் உறவும் கட்சியும் பகையும் உள்ளவனைவிட, அவை எதுவும் இல்லாத அயலானை அருகில் வைத்துக்கொள்வது மேல் என்ற எண்ணம் அரசர்களுக்கு இப்படிப்பட்ட அனுபவங்களால் வந்தது. பைசாந்தியச் சக்கரவர்த்தி இரண்டாம் பசில், கி.பி. 988 அளவில் கியேவிலிருந்து வந்த வட நாட்டுக் கோடரி வீரர்களைத் தன் காவலாக்கினார். பாப்பரசர் இரண்டாம் யூலியஸின் அழைப்பில் 150 சுவிஸ் வீரர்கள் 1506 ஜனவரி 22 அன்று உரோமுக்கு வந்தார்கள். 1527 மே 6ஆம் திகதி நகரம் சூறையாடப்பட்டபோது 189 பேரில் 147 பேர் மாண்டார்கள்; எஞ்சிய 42 பேர் பாப்பரசர் ஏழாம் கிளமெண்டை மதில்வழிப் பாதையால் கோட்டைக்குள் கொண்டு சேர்த்தார்கள். இன்றும் புதிய காவலர்கள் மே 6ஆம் திகதியிலேயே உறுதிமொழி எடுக்கிறார்கள்.

நமக்கு இதில் தூரத்துக் கதை மட்டும் இல்லை. சோழரிடம் வேளைக்காரப் படை இருந்தது. அரசனுக்கு ஆபத்து வரும் வேளையில் உயிர் கொடுப்பதாக வாக்குப் பண்ணியவர்கள் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். பாண்டியரிடம் ஆபத்துதவிகள் இருந்தார்கள். அதே வேளைக்காரர் பொலன்னறுவையில் சிங்கள மன்னன் முதலாம் விஜயபாகுவிடமும் சேவகம் செய்தார்கள். சோழருக்கு எதிராகப் படையெடுக்கும்படி அவன் கட்டளையிட்டபோது, தங்கள் இனத்தார்மீது வாளெடுக்க மனமின்றிக் கிளர்ந்து, தளபதிகளைக் கொன்று, அரண்மனைக்குத் தீ வைத்தார்கள் என்று சூளவம்சம் என்னும் பழைய வரலாற்று நூல் சொல்கிறது. அரசன் திரும்பிவந்து அவர்களைக் கடுமையாக ஒடுக்கினான். என்னை அதிகம் சிந்திக்க வைப்பது அதற்குப் பிந்தியதுதான். விஜயபாகு மறைந்த பின்னர், புத்தரின் தந்ததாது, அதாவது புனிதப் பல், வைக்கப்பட்ட ஆலயத்தைக் காக்கும் பொறுப்பு அதே வேளைக்காரரிடமே ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் தமிழில் கல்வெட்டு வெட்டி, அந்த ஆலயத்துக்கு மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி என்று தங்கள் பெயரையே சூட்டி, குலம் உள்ளளவும் காப்போம் என்று உறுதி எழுதினார்கள்.

கல்முனை வாசகர்: சுவிஸ் காவலர்களின் வண்ண உடையை வரைந்தவர் மைக்கலாஞ்சலோ என்பது சரியா?

சரியன்று. இன்றைய நீலமும் மஞ்சளும் சிவப்பும் கலந்த உடை, 1910 முதல் 1921 வரை அந்தப் படையின் தளபதியாக இருந்த ஜூல்ஸ் ரெப்பொண்ட் பழைய ஓவியங்களைப் பார்த்து வடிவமைத்தது.

அக்கரைப்பற்று வாசகர்: 1987இல் ராஜீவ் காந்தியைக் கொழும்பில் அடித்தவர் மரியாதை அணிவகுப்பில் நின்றவர்தானே? அந்தத் துப்பாக்கியில் தோட்டா இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

ஆம், சகோதரரே. இந்திய இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாகி மறுநாள், 1987 ஜூலை 30 அன்று, கடற்படை மரியாதை அணிவகுப்பைப் பார்வையிட்டுக்கொண்டு நடந்த ராஜீவ் காந்தியை, வரிசையில் நின்ற ஒரு கடற்படைச் சிப்பாய் துப்பாக்கியின் பின்கட்டையால் ஓங்கி அடித்தார். ஓரக்கண்ணில் அசைவைக் கண்ட ராஜீவ் சட்டென்று குனிந்ததால் அடி தலையில் விழாமல் தோளில் இறங்கியது. மரியாதை அணிவகுப்பில் தோட்டா இல்லாத துப்பாக்கியைக் கொடுப்பது இப்படிப்பட்ட ஒரு கணத்துக்காகத்தான். விருந்தினர், ஆயுதம் ஏந்திய அந்நியர்களின் வரிசைக்கு ஒரு கை தூரத்தில், காவலரைப் பின்னால் விட்டுவிட்டு நடக்கிறார். உங்கள் படைமீது எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்று அவர் அந்த நடையால் சொல்கிறார். அந்த நம்பிக்கைக்கு அடியில் ஒரு பாதுகாப்புக் கணக்கும் இருந்தே ஆக வேண்டும்.

அந்தக் கணக்குப் பிழைத்த இடம் கெய்ரோ. 1981 ஒக்டோபர் 6ஆம் திகதி வெற்றிவிழா அணிவகுப்பில், தோட்டா கொண்டுவரக் கூடாது என்ற தடையை மீறி வந்த சில படையினர், வாகனத்திலிருந்து இறங்கி மேடையை நோக்கி ஓடி, எகிப்திய ஜனாதிபதி சதாத்தைச் சுட்டுக் கொன்றார்கள். அணிவகுப்பின் ஒரு பகுதிதான் போலும் என்று மேடையில் இருந்தவர்கள் முதலில் நினைத்தார்கள்.

காத்தான்குடி மாணவர்: நம் நாட்டு ஜனாதிபதியை யார் காக்கிறார்கள்? பீரங்கி வேட்டு எத்தனை?

அன்றாடக் காவல் ஜனாதிபதி பாதுகாப்புப் பிரிவின் பொறுப்பு. 1984இல் உருவான விசேட அதிரடிப்படையும் முக்கியஸ்தர் காவலில் ஈடுபடுகிறது. விழா மரியாதை முப்படையினரின் வேலை. ஜனாதிபதிக்கு 21 வேட்டு, சுதந்திர தினத்தில் தேசத்துக்காகக் கடற்படை தீர்ப்பது 25 வேட்டு. பீரங்கியை வெறுமையாக்கிக் காட்டி, உனக்குத் தீங்கு நினைக்கவில்லை என்று கப்பல்கள் கரைக்குச் சொல்லிய பழைய வழக்கத்திலிருந்து வந்ததே வேட்டு மரியாதை. அணிவகுப்பில் நீங்கள் பார்த்த யானை, இலகு காலாட்படையின் சின்னமான கண்டுல. துட்டகைமுனுவின் யானையின் பெயரை 1961 முதல் அந்தப் படையின் யானைகளுக்கு வைத்து வருகிறார்கள்.

அம்பாறையிலிருந்து ஓர் அரச ஊழியர்: இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரு குதிரை வண்டிக்காக நாணயம் சுண்டின என்று சொல்கிறார்களே?

அப்படித்தான் சொல்லப்படுகிறது. 1947இல் வைஸ்ராயின் மெய்க்காவற்படையை இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிரித்தபோது, பொன் முலாம் பூசிய சாரட்டு வண்டியை மட்டும் பிரிக்க முடியவில்லை. நாணயம் சுண்டியதில் இந்தியப் பக்கம் வென்றது. 1984க்குப் பிறகு பாதுகாப்புக் காரணத்தால் குடியரசு தின ஊர்வலத்திலிருந்து விலக்கப்பட்ட அந்தச் சாரட்டு, 2024இல் அதே ஊர்வலத்துக்குத் திரும்பி வந்தது.

திருக்கோவில் மாணவி: சேர், பெண்கள் இந்தக் காவலில் சேரலாமா?

சுவிஸ் காவற்படையில் இன்னும் இடமில்லை, மகள். மற்ற இடங்களில் கதவு திறந்துகொண்டே வருகிறது. அமெரிக்காவின் ஆர்லிங்டன் கல்லறைக் காவலில் முதல் பெண் 1996இல் நின்றார். 2015இல் ஒபாமா டில்லி வந்தபோது அவருக்கு அளித்த முப்படை மரியாதை அணிவகுப்புக்குத் தலைமை தாங்கியவர் விங் கமாண்டர் பூஜா தாகூர். 2017இல் மேகன் கூட்டோ என்னும் கனேடிய அதிகாரி பக்கிங்ஹாம் மாளிகைக் காவலின் தலைவராகப் பணியாற்றினார். என் படையணியில் கட்டளைக் குரல் மிகத் தெளிவாக இருந்தது ஒரு மாணவியிடம்தான். மைதானத்தின் மறுகரை வரை கேட்கும்.

கிரானிலிருந்து ஒருவர்: எங்கள் வயதுக்காரருக்குச் சீருடை என்றால் சோதனைச் சாவடிதான் நினைவில் வரும். இதையெல்லாம் ஏன் பிள்ளைகளுக்குச் சொல்கிறீர்கள், ஐயா?

உங்கள் கேள்வி நியாயமானது. ஒரு பாலத்தடியில் சைக்கிளை விட்டிறங்கி, அடையாள அட்டையைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மாணவர்களின் விடைத்தாள் கட்டு மழையில் நனைய நனைய நானும் வரிசையில் நின்றிருக்கிறேன். அந்த நினைவு உள்ளவர்களின் பிள்ளைகள்தான் இதை அறிய வேண்டும் என்று நினைக்கிறேன். ஓர் ஆயுதம் ஏந்தியவர் யாருக்கு உறுதிமொழி கொடுத்திருக்கிறார் என்று கேட்கப் பழகவேண்டியவர்கள் அவர்களே. வேளைக்காரர் அரசன் என்னும் ஆளுக்கு வாக்குக் கொடுத்தார்கள். இந்தியப் படைவீரரும் அமெரிக்கப் படைவீரரும் அரசியலமைப்புக்கு உறுதி சொல்கிறார்கள். இந்த வேறுபாடு தாளோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023ஆம் ஆண்டு சாட்சி: ஜூலையில் நைஜரிலும் ஓகஸ்டில் காபோனிலும் ஜனாதிபதியைக் காக்க வேண்டிய படையின் தளபதிகளே அவரைப் பதவியிலிருந்து இறக்கி நாட்டைக் கையில் எடுத்தார்கள்.

செங்கலடி ஆசிரியை: வேளைக்காரர் கல்வெட்டை மாணவர்களுக்குக் காட்ட விரும்புகிறோம். எங்கே போக வேண்டும்?

மட்டக்களப்பிலிருந்து கொழும்பு போகும் புகையிரதத்தில் ஏறி, கதுருவெலையில் இருக்கும் பொலன்னறுவை நிலையத்தில் இறங்குங்கள். பழைய நகரத்தின் தலதா மளுவ முற்றத்தில், அட்டதாகே என்னும் கட்டடத்தின் அருகில் அந்தக் கற்பலகை நிற்கிறது. முற்றத்துக்குள் பாதணியைக் கழற்றித்தான் போக வேண்டும். மதியத்தில் கல் சுடும். காலையிலேயே போய்விடுங்கள், ரீச்சர். சாய்ந்த வெளிச்சம் எழுத்துப் பள்ளங்களில் நிழல் விழுத்தும்போது, வெறும் கண்ணுக்கே சில எழுத்துக்கள் பிடிபடும். வலங்கை, இடங்கை என்று அவர்களுடைய படைப்பிரிவுகள் அதில் வரும். வாசிப்பை முன்கூட்டியே எழுதிக் கையில் கொண்டுபோனால், பிள்ளைகள் விரலால் காற்றில் தொடர்ந்து எழுத்துக்கூட்டுவார்கள். கல்லைத் தொடவிடாதீர்கள்.