பதில்: கேபிள்காரர் 350 ரூபாய் பேக்கை எடுத்தே ஆகணும் என்கிறார்

வணக்கம் சகோ. முழு பேக்கை எடுத்தால்தான் இணைப்பு, ரசீதும் கிடையாது என்று உங்கள் கேபிள்காரர் சொல்வது விதிமீறல். பயப்படாதீர்கள்.

தொலைத்தொடர்பு, டிவி சேவைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான டிராயின் 2017 விதிகள்படி, எந்தக் கட்டணச் சேனலையும் தனித்தனியாக வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்ச விலை அறிவிக்கப்பட்டிருக்கும். பேக் என்பது உங்கள் விருப்பம் மட்டுமே. பாட்டி பார்க்கும் நாலு சேனல் போதுமென்றால் அந்த நாலுக்கும், இணைப்புக் கட்டணத்துக்கும், ஜிஎஸ்டிக்கும் கொடுத்தால் போதும்.

ஒன்றில் மட்டும் கவனம். "130 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது" என்று பலரும் இன்னமும் எழுதுகிறார்கள். அது இணைப்புக் கட்டணத்துக்கு இருந்த பழைய உச்சவரம்பு. 2024 ஜூலையில் டிராய் அதை எடுத்துவிட்டது. அதைச் சொல்லி வாதாடினால் உங்கள் பக்கம்தான் பலவீனமாகும். சேனல் தேர்வையும் ரசீதையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர்க்காரரோடு தெருவில் சண்டை வேண்டாம். அவருக்கு சிக்னல் தரும் எம்எஸ்ஓ நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, வேண்டிய சேனல்களைச் சொல்லி, புகார் எண் வாங்குங்கள். எண் தெரியாவிட்டால் பெட்டியில் 999-ஆம் சேனலைப் பாருங்கள். சரியாகாவிட்டால் அதே நிறுவனத்தில் தீராத புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். தனிநபர் புகாரை டிராய் நேரடியாகத் தீர்த்துவைக்காது. அதனால் அடுத்தது 1915 நுகர்வோர் உதவி எண், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

இனி பணத்தைக் கையில் கொடுக்காமல் யுபிஐயில் அனுப்புங்கள். ரசீது தராவிட்டாலும் ஆதாரம் இருக்கும்.

1995 கேபிள் சட்டப்படி பதிவில்லாமல் யாரும் கேபிள் நடத்த முடியாது. அவருடைய பதிவு எண்ணையும் கேட்டுப் பாருங்கள்.