வாசகர் கேள்வி – பதில்: கோடையில் அலையடிக்கும் கிராவல் சாலை

கேள்வி: சென்ற ஆண்டு எங்கள் ஊருக்கு 2 கி.மீ. தூரத்துக்குக் கிராவல் சாலை போட்டார்கள். மழையில் சேறாகவில்லை, ஆனால் பங்குனி பிறந்ததும் தகரக் கூரைபோல வரிவரியாகிவிட்டது. மண்ணின் தாங்குதிறனை அளக்கும் சிபிஆர் சோதனையில் கிராவல் தேறியது என்கிறார் ஒப்பந்தக்காரர். அப்படியானால் குறை எங்கே?
– ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: ஒப்பந்தக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஊறவைத்துச் செய்யும் சிபிஆர் சோதனை, நனைந்த மண் சுமையைத் தாங்குமா என்பதைத்தான் காட்டும். தார் போடாத சாலையில், மண் காய்ந்தபின் கற்கள் இடம்பெயராமல் நிற்குமா என்பதை அது காட்டாது. உங்கள் சாலை மழைக்குத் தாங்கி வெயிலுக்குக் கெட்டிருப்பதைப் பார்த்தால், அந்தக் கிராவலில் கற்களைப் பிடித்துவைக்கும் களிமண் பசை போதவில்லை என்றே தோன்றுகிறது.

பசையை எண்ணால் மதிப்பிட, தென்னாப்பிரிக்காவில் 1990இல் வெளியான டிஆர்எச் 20 என்ற வழிகாட்டி எளிய வழி ஒன்றைத் தருகிறது. 0.425 மி.மீ. சல்லடையில் இறங்கும் மண்ணைக் குழைத்து, சிறிய தொட்டி போன்ற அச்சில் நிரப்பி, அடுப்பில் உலர்த்தினால் மண்கட்டி நீளத்தில் சுருங்கும். அந்தச் சுருக்கச் சதவீதத்தை, அதே சல்லடையில் இறங்கும் மண்ணின் சதவீதத்தால் பெருக்க வேண்டும். விடை 100க்கும் 365க்கும் இடையில் இருந்தால் நல்லது. 240க்கு மேல் போனால் புழுதி கூடும், 365ஐத் தாண்டினால் மழையில் வழுக்கும். சுருக்கம் 1, இறங்கும் மண் 25 என்றால் விடை வெறும் 25; அப்படிப்பட்ட சாலை அலையடிப்பதில் வியப்பில்லை.

கல்லளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. 26.5 மி.மீ. சல்லடையில் இறங்கும் சதவீதத்திலிருந்து 2 மி.மீ. சல்லடையில் இறங்கும் சதவீதத்தைக் கழித்து, 4.75 மி.மீ. சல்லடையில் இறங்கும் சதவீதத்தால் பெருக்கி, 100ஆல் வகுத்தால் 16 முதல் 34 வரை வர வேண்டும். குறைந்தால் மண் அரித்துப்போகும், கூடினால் கற்கள் பெயர்ந்து ஓரத்தில் குவியும்.

ஓட்டுநர்களையும் வண்டியின் ஸ்பிரிங்கையும் குறைசொல்வது நம் ஊர் வழக்கம். ஸ்பிரிங்கே இல்லாத சக்கரத்தை மணல்மீது உருட்டினாலும், குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் அலைகள் எழுகின்றன என்பதை 2007இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. வேகத்துக்குப் பங்கு உண்டுதான்; ஆனால் உதிரியாகக் கிடக்கும் மண்தான் அலையாகக் குவிகிறது.

கேள்வி: ஜேசிபியை விட்டுச் சுரண்டிச் சமன்செய்தால் போதாதா?
– அதே வாசகர்

பதில்: காய்ந்த சாலையை மேலோட்டமாகச் சுரண்டினால் பள்ளங்களில் உதிரி மண்தான் நிரம்பும், சில வாரங்களில் அதே வரிகள் திரும்பிவிடும். பள்ளத்தின் அடிமட்டம்வரை கீறிவிட்டு, உரிய அனுமதியோடு எடுத்த, பசையுள்ள கண்மாய்க் கரம்பையைப் பத்துக்கு ஒன்று என்ற அளவில் மாதிரிக்குக் கலந்து, மேலே சொன்ன சோதனையை மறுபடி செய்து பார்த்த பிறகே முழுச் சாலைக்கும் கலவையை முடிவுசெய்யுங்கள். கரம்பையைக் கண்ணளவில் கொட்டினால் ஐப்பசி மழையில் இருசக்கர வண்டிகள் சறுக்கும். கலந்தபின் தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு மீட்டருக்கு 4 செ.மீ. சரிவு இருக்கிறதா என்று மட்டப்பலகை வைத்துப் பார்த்துவிடுங்கள்.